காரின் முன் ஷாக்கை வீட்டிலேயே மாற்றலாம், ஸ்பிரிங்கிடம் மட்டும் பயம் இருக்கட்டும்

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2011 மாடல் ஹூண்டாய் ஐ10 கார், 88,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சின்னக் கல்லில் ஏறினாலே முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம். வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கம் தரையில் குத்துவதுபோல் போகிறது. பட்டறையில் ஷாக் (ஷாக் அப்சார்பர்), அதை மேலே பாடியோடு பிடிக்கும் மவுண்ட், வண்டி சாயாமல் தடுக்கும் பாரை ஷாக்கோடு இணைக்கும் லிங்க் ராடு, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் என்று நீளமாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "அண்ணே, ஷாக் மாற்றுவதை வீட்டு வாசலில் நானே செய்துவிட முடியுமா? எங்கே ஆபத்து?" என்பது கேள்வி.

முடியும் தம்பி. அரியாங்குப்பத்தில் என் வீட்டு வாசலில் வைத்து என் வண்டிக்கு இரண்டு தடவையும், மச்சான் வண்டிக்கு ஒரு தடவையும் செய்திருக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, அவசரப்படாத எவரும் செய்யக்கூடிய வேலைதான். கழற்றுவதும் மாட்டுவதும் நட்டு போல்ட்டு வேலை. ஆனால் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது, பழைய ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரித்துப் புதியதில் ஏற்றுவது. அந்த இடத்தில் தைரியத்துக்கு வேலை இல்லை. சரியான கருவி கையில் இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதை மட்டும் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் செய்துகொண்டு வாருங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வருவது.

முதலில், போயிருப்பது ஷாக்தானா என்று பாருங்கள். சத்தம் வந்தாலே ஷாக் என்று முடிவு கட்டுவது பெரிய தப்பு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்குக்கு அந்த வேலை கிடையாது. பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், அதற்குள் சின்னச் சின்னத் துளைகளும் வால்வும் உள்ள பிஸ்டன். எண்ணெய் அந்தத் துளை வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிவிடுகிறது. அதனால்தான் மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால் நல்ல ஷாக்கின் உடம்பு வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டில் ஒன்று சூடாகவும் ஒன்று ஜில்லென்றும் இருந்தால், ஜில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

எல்லோரும் செய்யும் சோதனை, முன் மட்கார்டு மேல் கையை ஊன்றி அமுக்கிவிட்டு விடுவது. வண்டி மேலே வந்து உட்கார்ந்துவிட வேண்டும். இன்னும் இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் முடிந்தது. ஆனால் அடியோடு செத்த ஷாக்கைத்தான் இது காட்டிக்கொடுக்கும், பாதி தேய்ந்தது தப்பித்துவிடும். அதைவிட நம்பகமானது டயரைத் தடவிப் பார்ப்பது. டயரின் முகத்தில் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் தடவுங்கள். மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்பட்டால் அந்த டயர் ரோட்டில் ஒட்டி ஓடாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் அப்படிக் குதிக்கும் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது, வண்டி நிற்கும் தூரம் கூடும். பழைய ஷாக்கோடு ஓட்டுவது சொகுசுக் குறைவு மட்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அப்புறம் எண்ணெய்க் கசிவு. ஷாக்கின் மேல்பகுதியில் லேசாக ஈரம் படிந்து தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். ராடு மேலும் கீழும் போகும்போது கொஞ்சம் எண்ணெய்ப் பூச்சு வெளியே வருவது சகஜம். ஆனால் எண்ணெய் வழிந்து, ஸ்பிரிங் உட்காரும் கீழ்க் கப் வரைக்கும் சொதசொதவென்று இருந்தால் வேறு பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

நீங்கள் சொல்லும் டொக் டொக் சத்தம், சின்னக் கல்லில் ஏறும்போதே வருகிறது என்பதால், எனக்கு முதலில் லிங்க் ராடு மேல்தான் சந்தேகம். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்க் ராடைப் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள். டகடகவென்று கையிலேயே தெரிந்தால் அந்தச் சத்தத்துக்கு அதுதான் காரணம். விலை குறைந்த பொருள், மாற்றுவதும் சுலபம். அடுத்து ஒருவரை ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே முழுக்கத் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் ஸ்பிரிங் மேல் விரலை லேசாக வைத்துக் கவனியுங்கள். ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு திடீரென்று 'டங்' என்று துள்ளினால் மேல் மவுண்ட்டில் உள்ள பேரிங் இறுகிவிட்டது. ஜாக்கியில் தூக்கிய பிறகு டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால், லோயர் ஆர்ம் முனையில் உள்ள பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் தேய்ந்திருக்கிறது. இந்த நான்கையும் பார்த்துவிட்டால், பட்டறைச் சீட்டில் எது தேவை, எது பழக்கத்தில் எழுதியது என்று உங்களுக்கே புரிந்துவிடும். முன்பக்கம் குத்துவதுதான் ஷாக் போனதன் அறிகுறி. ஆக உங்கள் வண்டியில் இரண்டு நோயும் சேர்ந்து இருக்கலாம்.

இனி பொருள் வாங்குவது. ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் 88,000 ஓடியது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், வளைவில் ஒருமாதிரி சாயும். முன்பக்க ஷாக்கில் இடது, வலது என்று தனித்தனி உண்டு. பிரேக் ஓஸ் பிடிக்கும் கிளாம்ப் எதிரெதிராக இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் கடையிலேயே இரண்டையும் வெளியே எடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே இடது என்று பெட்டி மாறி வந்து, சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை தேடி அலைவது பெரிய துன்பம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். கம்பெனி பார்ட்ஸ் இல்லையென்றால் கேப்ரியல் போன்ற தெரிந்த பெயர் போதும். 1961-லிருந்து இந்த நாட்டில் ஷாக் செய்கிறவர்கள், ஓசூரிலும் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. கடலூர்க்காரர்கள் முன்பெல்லாம் பாண்டியில் வாங்கினால் மலிவு என்று பஸ் ஏறுவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வரி எங்கும் ஒன்றுதான். உங்கள் ஊரிலேயே பில்லோடு வாங்குங்கள், தப்பாக இருந்தால் மாற்றவும் வசதி.

ஷாக்கோடு மேல் மவுண்ட், அதன் பேரிங், ஷாக் அடிவரை அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், ராடில் தூசி படாமல் மூடும் டஸ்ட் பூட் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மவுண்ட் ரப்பர் நம் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். பம்ப் ஸ்டாப் இந்த வயது வண்டியில் கையில் எடுத்தாலே பொடியாக உதிரும். இவற்றை மிச்சம் பிடித்தால், ஆறு மாதத்தில் சத்தம் வந்து மறுபடி முழு வேலையும் செய்ய வேண்டும். ஸ்பிரிங் மட்டும் உடையாமல், துரு பிடித்து உரியாமல் இருந்தால் பழையதே போதும். ஆனால் நீங்கள் இருப்பது கடற்கரையை ஒட்டி. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, கீழ்க் கப்பில் உட்காரும் இடத்தில், மணலும் உப்புத் தண்ணீரும் தேங்கி அரித்திருக்கும். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் உரிந்து செதில் செதிலாகத் துரு இருந்தால் ஸ்பிரிங்கும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

உப்பைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உள்மாவட்ட வண்டியில் ஒரு திருப்பில் கழலும் போல்ட்டு, கடலூர், பாண்டி வண்டியில் பிடிவாதம் பிடிக்கும். 2015 வெள்ளத்திலோ, 2024 ஃபெங்கல் புயல் மழையிலோ தண்ணீரில் நின்ற வண்டி என்றால் இன்னும் மோசம். அதனால் முந்தின நாள் சாயங்காலமே வேலையைத் தொடங்கிவிடுங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் போல்ட்டுகள் தெரியும். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். இதை யாரும் செய்வதில்லை, இதுதான் பாதி வெற்றி. துரு அப்படியே இருக்க நட்டைத் திருகினால், அந்தத் துரு மரைக்குள் சிக்கி இறுக்கிவிடும். தேய்த்த பிறகு துரு நீக்கும் எண்ணெயை அடித்துவிட்டு விடுங்கள். காலையில் எழுந்ததும் இன்னொரு தடவை.

இடம் சிமெண்டுத் தரையாக இருக்க வேண்டும், சமமாக இருக்க வேண்டும். உங்கள் பக்கம் வாசல் எல்லாம் மணல். மணலில் ஜாக்கி வைத்தால் எடை ஏற ஏறச் சாயும். வேறு வழியில்லாமல் மணலில்தான் என்றால், இந்த வேலையை அங்கே வேண்டாம் என்றே சொல்வேன். தெரிந்தவர் வீட்டுப் போர்ட்டிகோவைக் கேளுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி பஞ்சருக்கு மட்டும்தான். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக் கொடுக்கவே கூடாது, பார்க்கப் பலமாகத் தெரியும், வெடித்தால் சொல்லாமல் பொடியாகிவிடும். ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை.

கருவி என்று பார்த்தால் 12, 14, 17, 19 நம்பர் ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும், ஹூண்டாய் சக்கர நட்டுக்கு 21 நம்பர், நீளமான ஒரு பவர் ஹேண்டில், சுத்தியல், ஆலன் கீ செட், கட்டுக்கம்பி அல்லது நல்ல கயிறு. நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். அது இந்த ஒரு வேலைக்கு மட்டும் இல்லை, சக்கரம் மாட்டும்போதெல்லாம் உதவும்.

காலை ஆறரை மணிக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கம் முடியும். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே தூக்கிவிடுவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடு கழலாமல் சண்டை போடும். இரண்டும் தொங்கினால் கையாலேயே வந்துவிடும். ஆனால் வேலை மட்டும் ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம். ஏதாவது குழம்பினால் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். எந்தப் போல்ட்டு எந்தப் பக்கமிருந்து நுழைந்திருக்கிறது, பிரேக் ஓஸ் எப்படி வளைந்து போகிறது என்று கழற்றும் முன்பே போனில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள்.

சக்கரத்தை எடுத்ததும் அதைப் படுக்கவைத்து வண்டியின் பக்கவாட்டு விளிம்புக்குக் கீழே தள்ளிவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி டயர் மேல் உட்காரும், உங்கள் மேல் உட்காராது. ஷாக்கில் பிடித்திருக்கும் பிரேக் ஓஸ் கிளாம்ப்பைக் கழற்றுங்கள், ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும் விடுவியுங்கள். ஓஸைப் பிரிக்க வேண்டியதில்லை, பிரேக் எண்ணெய் சொட்டக்கூடத் தேவையில்லாத வேலை இது. லிங்க் ராடின் மேல் நட்டைக் கழற்றும்போது நடுத்தண்டு கூடவே சுற்றும். அதன் முனையிலோ பின்னாலோ ஆலன் கீக்கோ ஸ்பேனருக்கோ இடம் விட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகுங்கள்.

அடுத்து, ஷாக்கின் கீழ் முனையை, சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டான நக்கிளோடு பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டு. இவற்றைத் தொடும் முன் ஷாக்கும் நக்கிளும் சேரும் விளிம்பில் ஒரு கூரான கம்பியால் கோடு கீறிவிடுங்கள். துளைகளில் மயிரிழை இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியில் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். திரும்ப மாட்டும்போது புது ஷாக்கில் ஏறக்குறைய அதே இடத்தில் உட்காரவைக்க அந்தக் கோடு உதவும். போல்ட்டுத் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகுங்கள். நட்டு கடைசி மூன்று நான்கு மரையில் இருக்கும்போதே நிறுத்தி, அதன் மேல் தட்டிப் போல்ட்டைத் தளர்த்துங்கள். அப்படிச் செய்தால் அடி நட்டில் விழும், மரை நசுங்காது.

இரண்டு போல்ட்டும் வெளியே வந்த நொடியில் நக்கிள், டிஸ்க் எல்லாம் வெளிப்பக்கமாகச் சாயும். இங்கேதான் நான் முதல் தடவை தப்பு செய்தேன். சாயட்டும் என்று விட்டுவிட்டேன். ஆக்ஸில் இழுபட்டு, உள்பக்க ஜாயின்ட் கியர்பாக்ஸிலிருந்து விலகி, கியர் ஆயில் தரையெல்லாம் ஓடியது. இரண்டு மணி நேர வேலை இரண்டு நாள் ஆனது. நீங்கள் லோயர் ஆர்முக்குக் கீழே சின்ன ஜாக்கி ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு, நக்கிளைக் கயிற்றால் உள்பக்கமாக இழுத்துக் கட்டிவிடுங்கள். பிரேக் ஓஸ் விறைக்கக் கூடாது, அதுவும் முக்கியம்.

இப்போது பானெட்டைத் திறங்கள். மேலே மவுண்ட்டைச் சுற்றி மூன்று நட்டு தெரியும், சில வண்டியில் இரண்டு. அவற்றின் நடுவில் பெரிதாக ஒரு நட்டு இருக்கும். அந்த நடு நட்டை இப்போது தொடக்கூடாது. இந்தப் பதிலில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங்கை அடக்கிப் பிடித்திருப்பது அந்த ஒற்றை நட்டுதான். சுற்றி உள்ள சின்ன நட்டுகளை மட்டும் கழற்றுங்கள், கடைசி நட்டு வரும்போது இன்னொருவர் கீழே ஷாக்கைக் கையில் தாங்கிக்கொள்ளட்டும். அப்படியே ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாகக் கீழே வந்துவிடும்.

இந்த அமைப்புக்கு மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் வடிவமைத்தது, 1950-ல் இங்கிலாந்தில் வந்த ஃபோர்ட் கான்சல் காரில் இறங்கி, இன்று நம் ஊர் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஷாக், ஸ்பிரிங், சக்கரம் திரும்பும் அச்சு மூன்றையும் ஒரே தூணில் அடக்கிவிட்டதால் இடமும் செலவும் மிச்சம். அந்தத் தூணை உடைத்துப் பிரிப்பதுதான் நமக்குச் சிக்கல்.

ஐ10 எடையில் ஒரு வண்டிக்கு முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் ஏறக்குறைய கால் டன் தாங்கி நிற்கிறது. ஷாக்கைக் கழற்றிக் கீழே வைத்த பிறகும் ஸ்பிரிங் முழுசாகத் தளர்ந்திருக்காது, அமுங்கியேதான் இருக்கும். பாண்டியில் ஒரு பட்டறையில் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு நடு நட்டைக் கழற்றியதை நான் நேரில் பார்த்தேன். கயிறு அறுந்து, மேல் மவுண்ட் பறந்துபோய்க் கூரைத் தகரத்தைக் கிழித்தது. குனிந்திருந்தவர் தலையை எடுத்து ஒரு விநாடிதான் ஆகியிருக்கும். இதைப் பார்த்த பிறகு யாராவது கயிறு போதும், கட்டுக்கம்பி போதும் என்று சொன்னால் நான் அங்கே நிற்பதே இல்லை.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்று கொக்கியோடு நீளமான மரைத்தண்டு இரண்டு ஜோடியாக விற்கிறார்கள். வாங்குவதானால் கொக்கி ஸ்பிரிங்கை விட்டு நழுவாதபடி பூட்டும் ஊசி உள்ளதாகப் பாருங்கள். மரையில் கிரீஸ் தடவுங்கள். இரண்டையும் ஸ்பிரிங்கின் நேர் எதிர்ப் பக்கங்களில், எவ்வளவு சுற்றுகளைப் பிடிக்க முடியுமோ அவ்வளவையும் பிடித்து மாட்டுங்கள். இந்தப் பக்கம் இரண்டு திருப்பு, அந்தப் பக்கம் இரண்டு திருப்பு என்று மாற்றி மாற்றிக் கையாலேயே இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளையும், வளைந்தால் கொக்கி நழுவும். காற்றழுத்தத்தில் வேகமாகத் திருகும் ஏர் கன் வைத்து இதை இறுக்கக் கூடாது. மேல் முனையும் கீழ் முனையும் ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் பார்க்கட்டும், உங்கள் முகம் எப்போதும் பக்கவாட்டில் இருக்கட்டும். ஸ்பிரிங் கப்பை விட்டு விலகி, கையால் சுற்றினால் லொட லொட என்று ஆட வேண்டும். அப்படி ஆடிய பிறகுதான் நடு நட்டில் ஸ்பேனர் படலாம். ராடு கூடவே சுற்றினால் அதன் தலையில் ஆலன் கீ கொடுத்துப் பிடிக்கலாம். ராடின் வழவழப்பான உடம்பில் பிளையர் படவே கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் எண்ணெய் சீலை அறுத்துவிடும்.

நேர்மையாகச் சொன்னால், முதல் தடவை செய்கிறவருக்கு என் யோசனை வேறு. இந்தத் துண்டைத் தூக்கி ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு, சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குப் போங்கள். மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ விசாரித்தால் கிடைக்கும். புது ஷாக்கையும் மவுண்ட்டையும் கையில் கொண்டுபோனால் அரை மணி நேரத்தில் மாற்றித் தந்துவிடுவார்கள். கூலி கொஞ்சம்தான். என் மூன்று தடவையில் இரண்டு தடவை நான் அப்படித்தான் செய்தேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், புது ஷாக்கின் ராடில் ஏர் கன் வைக்க வேண்டாம் என்று.

எங்கே மாற்றினாலும் சில விஷயங்களை நீங்கள் கவனிக்க வேண்டும். புது ஷாக் பெட்டியில் படுத்தே கிடந்திருக்கும், உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். நிமிர்த்திப் பிடித்து முழு நீளத்துக்கு நாலைந்து தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள். முதல் இரண்டு தடவை இடையில் லேசாக வழுக்கும், பிறகு ஒரே சீராக இறுகும். அதற்கப்புறம் படுக்கவைக்காதீர்கள். பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் பூட்டும் ராடில் ஏறிவிட்டதா என்று பாருங்கள், மறந்துபோய் மேசையில் கிடப்பது இவைதான். ஸ்பிரிங்கின் கீழ் முனை, கப்பில் அதற்கென்று விட்டிருக்கும் படியில் போய் முட்டி உட்கார வேண்டும். படியை விட்டு ஏறி நின்றால் வண்டியை இறக்கியதும் 'டங்' என்று நழுவும், நீங்கள் புது ஷாக்கிலேயே சத்தம் என்று கடைக்காரரிடம் போய் நிற்பீர்கள். மவுண்ட்டில் திசைக்குறி இருந்தால் பழையது எப்படி இருந்ததோ அப்படியே. நடு நட்டு புதியதாக இருக்கட்டும்.

மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர். மேல் நட்டுகளைக் கையால் ஏற்றிவிட்டு, கீழே நக்கிளை இழுத்துத் துளையில் சேர்த்து, கீறிய கோட்டுக்கு நேராக வைத்து இறுக்குங்கள். இந்த அளவு வண்டிகளில் அந்தக் கீழ்ப் போல்ட்டு சுமார் 100 நியூட்டன் மீட்டர் பக்கமும், மேலே உள்ள சின்ன நட்டுகள் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். சரியான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள். மேல் நட்டுகளைப் பலம் இருக்கிறதே என்று இறுக்கினால் போல்ட்டு கையோடு வந்துவிடும். பிரேக் ஓஸ் முறுக்கு இல்லாமல் போகிறதா, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் ஓஸோ வயரோ எங்காவது இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சக்கரத்தை மாட்டுங்கள். சக்கர நட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும், கடைசி இறுக்கு வண்டி தரையில் நிற்கும்போது.

வண்டியை இறக்கியதும் எடுத்துவிடாதீர்கள். முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விடுங்கள். பிரேக் மிதியை இரண்டு மூன்று தடவை மிதித்து இறுகுகிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டத்துக்கு உங்களுக்கு நல்ல ரோடு இருக்கிறது, கடலூரிலிருந்து முள்ளோடை, கன்னியக்கோயில் தாண்டித் தவளக்குப்பம் வரை போய்த் திரும்புங்கள். ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி வைத்து, வேகத்தடை ஒவ்வொன்றிலும் காதைக் கொடுத்து மெதுவாக ஓட்டுங்கள்.

மறுநாளே வீல் அலைன்மென்ட். எவ்வளவு கவனமாகக் கோடு கீறியிருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது, சாய்வு கொஞ்சம் மாறினாலும் புது டயர் கூட ஓரத்தில் தேய்ந்துவிடும். அலைன்மென்ட் சீட்டில் சக்கரத்தின் சாய்வைக் காட்டும் இடது, வலது கேம்பர் எண்கள் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் ரொம்ப விலகி இருந்தால் அந்தப் பக்கக் கீழ்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைச் சரியாகத் தள்ளி, மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பானெட்டைத் திறந்து மேல் நட்டுகளையும், சக்கரத்தைத் திருப்பிக் கீழ்ப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள். பழைய ஷாக்கை இரும்புக் கடையில் போடுங்கள், உள்ளே எண்ணெயும் சில ரகங்களில் அழுத்தத்தோடு நைட்ரஜன் வாயுவும் இருக்கும். அதை யாரும் நெருப்பில் காட்டவோ வெட்டவோ வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.